தளபதி வீட்டு அடுக்களை

சிறுத்தொண்ட நாயனார் புராணத்தில் வாதாபிப் போருக்குச் சேக்கிழார் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பாடல். மன்னனுக்காகப் படை நடத்திப் போனார். வடபுலத்து வாதாபி என்னும் பழைய நகரத்தை யானைகளைச் செலுத்தித் துகளாக்கினார். மணிகள், நிதிக்குவியல்கள், யானைகள், குதிரைகள் என எண்ணிக்கையில்லாமல் கவர்ந்து மன்னன் முன் கொண்டுவந்தார். அவ்வளவுதான். நான்கு அடிகளில் ஒரு தலைநகரத்தின் கதை முடிந்துவிடுகிறது. 80க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தப் புராணத்தின் பெரும்பகுதி ஒரு வீட்டையும் அதன் வாசலையும் சுற்றியே நடக்கிறது. விருந்தாளி வருகிறார், கறி கேட்கிறார், பெற்ற பிள்ளையை அறுக்கிறார்கள், சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள்.

பக்தி வாசிப்பில் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு கேள்வியே அல்ல. போர் அவருடைய முன்கதை, தொண்டுதான் கதை, முன்கதையை நீட்டுவானேன்? பெரியபுராணத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறவள் என்ற முறையில் எனக்கு அந்த ஒரு பாடலும் பின்னால் வரும் அடுக்களையும் தனித்தனியானவையாகத் தெரியவில்லை. வாதாபியில் நாம் பார்க்காமல் கடந்துபோவதை எல்லாம் செங்காட்டங்குடியில், ஒரே ஒரு குழந்தையின் உடலில், கண்ணை விலக்க முடியாமல் பார்க்கிறோம். ஒரு படைத்தலைவரின் வாழ்க்கை வரலாறாக இந்தப் புராணத்தை வாசித்தால் அவர் போரை விட்டு வந்தாரா, வீட்டுக்குக் கொண்டு வந்தாரா என்று கேட்காமல் இருக்க முடியாது.

முதலில் அவருடைய பணி வரலாறு. பெயர் பரஞ்சோதி. மாமாத்திரர் குலம். ஆயுர்வேதம் கற்றவர், வடமொழிக் கலைகள் பயின்றவர், படைக்கலத் தொழிலிலும் யானையேற்றம் குதிரையேற்றத்திலும் தேர்ந்தவர். மருத்துவம் படித்தவர் படைத்தலைவரானார் என்ற செய்தியைச் சேக்கிழார் எந்த உறுத்தலும் இல்லாமல் சொல்லிப் போகிறார். எந்த மன்னனிடம் பணியாற்றினார் என்று புராணம் பெயர் சொல்வதில்லை. வாதாபி என்ற ஊர்ப்பெயரை வைத்துத்தான் வரலாற்றாசிரியர்கள் அவரை முதலாம் நரசிம்மவர்மனோடும் 642ஆம் ஆண்டின் வாதாபி வீழ்ச்சியோடும் இணைக்கிறார்கள். பல்லவர்களின் கூரம் செப்பேடு அந்த வெற்றியைப் பாடுகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகை ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் வெற்றி என்று எழுதினான் என்கிறது. பாதாமிப் பாறையிலும் அவன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தளபதியின் பெயர் இரண்டிலும் இல்லை. வெற்றி மன்னனுடையது, அதைச் செய்து கொடுத்தவரை நமக்குச் சொல்வது சைவ இலக்கியம்தான்.

அந்த இலக்கியத்துக்குள்ளும் அவர் படிப்படியாகத்தான் உருவாகிறார். அவர் காலத்தவராகவே மரபு சொல்லும் சம்பந்தர், தம் பதிகத்தில் போர் பழகிய தோள்களை உடையவராக அவரைக் குறிக்கிறார். பிள்ளைக்கறியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. சுந்தரர் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி வணங்கிவிட்டுப் போகிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில்தான் சதங்கை கட்டிய மகனின் உடல் வெட்டப்படுகிறது. வெட்டுகிறவர் தந்தை ஒருவரே. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போது தாய் முழு உருவோடு உள்ளே வந்துவிடுகிறார், பணிப்பெண்ணும் வருகிறார். போர்த்தோள் சுருங்கச் சுருங்க வீடு பெரிதாகிறது. வாதாபி எரிந்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட காவியம் இது. சேக்கிழாரும் ஒரு பேரரசின் அமைச்சர். படை என்றால் என்ன, கவர்ந்து வருவது என்றால் என்ன என்பதெல்லாம் அருகிலிருந்து அறிந்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பரஞ்சோதி படையை விட்டு விலகிய விதத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பொதுநம்பிக்கை இருக்கிறது. போரின் அழிவைக் கண்டு மனம் கசந்து வாளைக் கீழே போட்டார் என்பது அது. இதை நமக்குக் கொடுத்தவர் கல்கி. 1940களில் தொடராக வந்த சிவகாமியின் சபதத்தில் பரஞ்சோதி ஓர் இலட்சிய இளைஞர். போருக்கான காரணமும் அங்கே ஒரு பெண்ணின் தலையில் வைக்கப்படுகிறது. சிவகாமி சபதம் செய்ததால்தான் வாதாபி எரிய வேண்டியிருக்கிறது. அரசியலுக்கும் எல்லைப் பகைக்கும் பெண்ணின் அவமானத்தை முகமூடியாக மாட்டுவது நம் கதைகளின் பழைய பழக்கம். அந்த அளவில் சேக்கிழார் நேர்மையானவர். அவர் போருக்குக் காரணமே சொல்வதில்லை. மன்னன் அனுப்பினான், இவர் போனார்.

கசப்பும் அவரிடம் இல்லை. புராணத்தில் நடப்பது வேறு. கொண்டுவந்த செல்வத்தைப் பார்த்து மன்னன் அவர் வீரத்தை வியக்கிறான். சிவத்தொண்டின் வலிமை உடையவர், அவரை எதிர்க்க யாரால் முடியும் என்கிறார்கள் அமைச்சர்கள். மன்னன் பதறிப்போகிறான். ஓர் அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டேனே என்று அவரிடமே மன்னிப்புக் கேட்கிறான். அவன் வருந்துவது வாதாபிக்காக அல்ல; ஓர் அடியாரின் உயிரை ஆபத்தில் வைத்ததற்காக. அதற்குப் பரஞ்சோதி சொல்லும் பதில் இன்னும் முக்கியமானது: எனக்கு உரிய வேலையைச் செய்தேன், அதில் என்ன தீங்கு? இந்தப் பதிலில் குற்றவுணர்ச்சியின் நிழல்கூட இல்லை. மன்னன் செல்வம் கொடுத்து அவரைப் பணியிலிருந்து விடுவிக்கிறான். அவர் மரியாதையோடு ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பிய அதிகாரி. துறவியாகிவிட்டவரைப் போல நாம்தான் அவரை நினைத்துக்கொள்கிறோம்.

அந்த அதிகாரி நடத்தும் வீட்டில் திருவெண்காட்டு நங்கை நமக்கு அறிமுகமாவதே அடியார்களுக்கு வேண்டிய பணியைச் செய்யும் மனைவியாகத்தான். நாள்தோறும் அடியாருக்கு முதலில் அமுது படைத்துவிட்டுப் பிறகு உண்பது அந்த வீட்டின் ஒழுங்கு. படைக்கிறவர் பெயர் சிறுத்தொண்டர். சமைக்கிறவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடியார் கிடைக்காத ஒரு நாளில் அவர் தெருத்தெருவாகத் தேடிப் போயிருக்கும்போது பைரவ வேடத்தில் சிவன் வருகிறார். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நுழையமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கணபதீச்சரத்து ஆத்திமரத்தடிக்குப் போகிறார். பெண்களின் தனிமையை அவ்வளவு மதிக்கும் விருந்தாளி அடுத்துக் கேட்கப்போவது அந்த வீட்டுப் பெண் பெற்ற பிள்ளையை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பசு உண்பேன், இன்று அந்த நாள் என்கிறார் பைரவர். உடனே சிறுத்தொண்டர் தம்மிடம் மூவகை நிரைகளும் இருப்பதாக மகிழ்ச்சியோடு சொல்கிறார். வாதாபியிலிருந்து கொண்டுவந்தவற்றின் பட்டியலைச் சற்றுமுன் வாசித்த நமக்கு இது பழகிய குரல். இருப்பைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்கிற குரல். நான் உண்பது நரப்பசு என்று பைரவர் திருத்திய பிறகும் அந்தக் குரல் மாறுவதில்லை. ஐந்து வயது, உறுப்பில் குறையில்லாதவன், ஒரு குடிக்கு ஒரே மகன். தந்தை அரிய வேண்டும், தாய் பிடித்துக்கொள்ள வேண்டும், இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளுக்கும் அவர் விடை, அதுவும் முடியாததல்ல என்பதுதான். ஆணை பெற்றவர் நிறைவேற்றும் வழியை மட்டுமே யோசிக்கிறார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறார். அப்படி ஒரு பிள்ளையை எங்கே பெறுவது என்று அவர் கேட்கிறார். நிறையப் பணம் கொடுத்தால் பிள்ளையைத் தருகிறவர்கள் இருக்கலாம், ஆனால் எதிரே நின்று தாங்களே அரியமாட்டார்கள் என்கிறார் கணவர். விலைக்கு வாங்கும் வாய்ப்பை அவர் நீதியின்பாற்பட்டு மறுக்கவில்லை. நிபந்தனை நிறைவேறாது என்பதற்காக மறுக்கிறார். பிறகு, நான் உய்வதற்காக நீ பெற்ற மகனை அழைப்போம் என்கிறார். அந்த ஒரு தொடரில் தாய்மை என்பதன் கணக்கு முழுவதும் இருக்கிறது. பெற்றவள் நீ, பயன் எனக்கு.

அடுத்து வரும் பாடல்களை வகுப்பில் வாசிக்கும்போது அறை அமைதியாகிவிடும். பள்ளியிலிருந்து வந்த மகனைத் தந்தை தோளில் தூக்கி வருகிறார். தாய் முகம் துடைக்கிறார், கலைந்த கண்மையைச் சரிசெய்கிறார், குளிப்பாட்டுகிறார். ஆனால் உச்சி மோப்பதில்லை, மார்போடு அணைத்து முத்தமிடுவதில்லை. ஏன்? அவன் இப்போது அடியாருக்குரிய கறியமுது. எச்சிலாகிவிடுமே என்ற அச்சம். சீராளன் சாவது இதற்குச் சில பாடல்கள் கழித்துத்தான் என்றாலும் அவன் மகனாக இருப்பது இங்கேயே முடிந்துவிடுகிறது. முத்தத்தைச் சமையல் விதியாக மாற்றி ஒரு தாயின் கையைக் கட்டும் இந்தப் பாடலைவிடக் கொடூரமான ஒன்றை நான் பெரியபுராணத்தில் வாசித்ததில்லை. சேக்கிழார் பெரிய கவிஞர் என்பதற்கும் இதுவே சான்று. தாய் செய்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர், அவர் செய்யாமல் விட்டதையும் எழுதுகிறார். அவர் காட்டுகிற பக்திக்குள்ளேயே அந்த இழப்பும் கிடக்கிறது, எடுத்துப் பார்ப்பதும் பார்க்காததும் நம் விருப்பம்.

உலகத்தார் அறியாதபடி மறைவாக ஓர் இடத்துக்குப் போகிறார்கள். பிள்ளையைப் பெற்றவர் கலங்களை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறார். தந்தை தலையைப் பிடிக்கிறார். இந்த இடத்தில், சரியாக இந்த இடத்தில், சேக்கிழார் அவரை உலகை வென்ற தந்தை என்கிறார். வாதாபிக்குப் பிறகு மறைந்துபோயிருந்த தளபதி கத்தியோடு மறுபடி மேலே வருகிறார். தாய் கிண்கிணி கட்டிய இரண்டு கால்களையும் மடியில் இடுக்கிக்கொண்டு, கைகள் இரண்டையும் தம் கைகளால் பற்றிக்கொள்கிறார். அப்பாவும் அம்மாவும் ஏதோ மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறான்.

ஒருமுறை முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மேடம், வெட்டுறது அவர் வேலைன்னா அவரே கட்டிப் போட்டுட்டு வெட்டலாமே. அம்மா எதுக்குப் பிடிக்கணும்?” வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கும் கேள்வியாகப் படவில்லை. தந்தை அரிவது மட்டும் போதாது, தாய் பிடிக்க வேண்டும், அதுவும் மகிழ்ச்சியோடு என்று நிபந்தனை வைத்தவர் கடவுள். தாயின் கை அதில் படாவிட்டால் அது தந்தை ஒருவரின் கொலை. அவரும் பிடித்துக்கொண்டால் அது குடும்பத்தின் தொண்டு. போரில் இறந்த சிப்பாயின் வீட்டுவாசலில் தாயின் முன் மைக்கை நீட்டிப் பெருமையாக இருக்கிறதா என்று கேட்கிறார்களே, அவர்கள் தேடுவதும் இந்தக் கையைத்தான். அடுத்த மகனையும் அனுப்புவேன் என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைய செய்தி நிறைவாகிறது.

தமிழுக்கு இது புதிதல்ல. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டில் பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்று பிரித்துக் கொடுத்து, வேல் வடிப்பதைக் கொல்லனுக்கும் யானையை வீழ்த்தி மீள்வதை மகனுக்கும் விட்டிருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவி வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள் ஒருத்தி. அலங்கரித்து அனுப்புகிற அந்தக் கையும் சீராளனைக் குளிப்பாட்டுகிற கையும் ஒன்றுதான். சங்கப் பாட்டில் எதிரில் களம் இருந்தது. இங்கே களம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பிள்ளையைப் பலி கேட்கும் கதைகளைப் பற்றி டேவிட் ஷுல்மன் 1993இல் ஒரு நூல் எழுதினார். சிறுத்தொண்டரை ஆபிரகாமின் பக்கத்தில் வைத்துப் பார்த்த நூல் அது. எனக்கு அந்த இரண்டு தந்தையரைவிட இரண்டு தாய்மார்தான் முக்கியம். ஆதியாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் சாராளிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அடுத்த அதிகாரம் அவளுடைய மரணத்தோடு தொடங்குகிறது. கிரேக்கத்தில் இன்னொரு தளபதி, அகமெம்னன், திராய்க்குக் கப்பல் விடுவதற்காக மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். திருமணம் என்று பொய் சொல்லித்தான் தாயையும் மகளையும் வரவழைக்க முடிந்தது. கிளைத்தெம்னெஸ்த்ரா பத்து ஆண்டுகள் காத்திருந்து, வென்று திரும்பியவனைக் குளியலறையில் கொல்கிறாள். ஒருத்தியிடம் மறைத்தார்கள், ஒருத்தியை ஏமாற்றினார்கள். வெண்காட்டு நங்கையிடம் மட்டும்தான் எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். பெண்ணுக்கு இது கூடுதல் மதிப்பு என்று வாதிடுவோர் உண்டு. அவருக்குச் சொல்லப்பட்டது உண்மைதான். மறுப்பதற்கு ஓரிடம் விடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். மறுத்திருந்தால் அவர் எந்தப் புராணத்திலும் இருந்திருக்க மாட்டார். வாளால் பிள்ளையை அரிந்து ஊட்ட என்னால் ஆகாது என்று பட்டினத்தார் பேரில் வழங்கும் பாட்டு கைவிரிக்கிறது. அப்படிக் கைவிரித்தும் ஞானியாக நிற்பது ஓர் ஆணுக்கு முடிந்திருக்கிறது.

கதையில் குழந்தை திரும்பி வருகிறான். கூட உண்ண மகனைக் கூப்பிடு என்று பைரவர் வற்புறுத்த, இப்போது அவன் உதவான் என்று சிறுத்தொண்டர் சொல்லிப் பார்க்கிறார். அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் வந்த தடுமாற்றம். பிறகு கணவனும் மனைவியும் வெளியே வந்து அழைக்கிறார்கள். பள்ளியிலிருந்து ஓடி வருகிறவனைப் போல அவன் வர, தாய் வாரி அணைத்துக்கொள்கிறார். செய்யாமல் நிறுத்திவைத்த அணைப்பு. இந்த மீட்சியைக் காட்டித்தான் முன் நடந்தது எல்லாம் சோதனை என்று நம்மைச் சமாதானப்படுத்துகிறார்கள். வாதாபியிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் கிண்கிணி கட்டியிருப்பார்கள். அந்தத் தெருக்களில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாய்மாருக்கு எவரும் ஓடி வரவில்லை. புராணம் ஒரு குழந்தையின் சாவை மட்டும் நமக்குக் காட்டி, அதையும் இல்லை என்று ஆக்கிவிடுகிறது. தளபதியின் கையில் இரத்தம் இருந்ததா என்ற கேள்வி அத்தோடு கழுவப்படுகிறது.

திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழா இன்றும் நடக்கிறது. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் சீராளன் பெயரால் தரும் பிரசாதத்தை வாங்கி உண்கிறார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளை இல்லாத பெண்ணை நம் ஊர்கள் நடத்தும் விதம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிள்ளையைக் கொடுக்கச் சம்மதித்த தாயின் ஊரில்தான் பிள்ளையைக் கேட்டு நிற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. தெரிந்துதான் நிற்கிறார்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தப் புராணத்தை மூட முடியாது. சந்தனத் தாதியார், அந்த வீட்டுப் பணிப்பெண். பைரவரை வாசலில் முதலில் எதிர்கொண்டவர் அவர். அவருக்கும் ‘ஆர்’ விகுதி கொடுத்துச் சேக்கிழார் மரியாதை செய்கிறார். எந்தக் குடியில் பிறந்தார், ஏன் இந்த வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொல்வதில்லை. அரிந்த தலை அமுதுக்கு ஆகாது என்று கழித்து, மறைத்து நீக்கும்படி அவர் கையில்தான் கொடுக்கிறார்கள். வீட்டில் யாரும் தொடமுடியாததை அப்புறப்படுத்துவது பணிப்பெண்ணின் வேலையாக இருப்பதில் வியப்பில்லை. பந்தியில் பைரவர் தலைக்கறி எங்கே என்று கேட்கிறார். உலகை வென்றவர் கலங்கிப் போகிறார், மனைவியும் கலங்குகிறார். சந்தனத் தாதியார் சிரித்துக்கொண்டே, கேட்பார் என்று நினைத்து முன்பே சமைத்துவிட்டேன் என்று எடுத்துக் கொடுக்கிறார்.

கொடுத்த ஆணையை அவர் மீறியிருக்கிறார். விருந்தாளியின் மனத்தை எசமானரைவிடத் துல்லியமாகக் கணித்திருக்கிறார். வளர்த்த பிள்ளையின் தலையைத் தனியாக வைத்துக்கொண்டு, அதைத் தனியாகவே பக்குவமும் செய்திருக்கிறார். தாய்க்காவது கணவர் உடனிருந்தார். இவர் பக்கத்தில் யாரும் இல்லை, இவரிடம் யாரும் சம்மதமும் கேட்கவில்லை. கடைசியில் சிவன் தம்மோடு அழைத்துப் போகிறவர்களின் வரிசையில் தொண்டர், மனைவி, மகன் ஆகியோருக்குப் பிறகு தாதியாரும் இருக்கிறார். அந்தத் தலையை அவர் எந்த அடுப்பில், எந்த நேரத்தில் சமைத்தார் என்பதற்கு மட்டும் புராணத்தில் பாடல் இல்லை.